எண்ணூர் சேற்றில் பதுங்கிய விஷம்! தண்ணீரைச் சோதித்தால் மட்டும் போதுமா?

சென்னை,
கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம் எண்ணூர் முகத்துவாரம். இங்கே மீனவர்கள் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடித்துப் பிழைத்தவர்கள். அந்தச் சேற்றில் இன்று சாம்பல் படிந்து கிடக்கிறது!

வடசென்னை அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாக செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாயில் பலமுறை ஓட்டை விழுந்தது. சாம்பல் ஆற்றில் கொட்டியது. இதற்கு மின்வாரியமே பொறுப்பு என்று 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்புக் கூறியது.

மக்காத எமன்

நிலக்கரிச் சாம்பலில் ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்சனிக் எல்லாம் உண்டு. ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போய்விடும். இந்த உலோகங்கள் அப்படிப் போவதில்லை. களிமண்ணைக் கவ்விக்கொண்டு அடியிலேயே தங்கிவிடும். மக்கவும் மக்காது. சேற்றுப் புழுவும் மட்டியும் அதைத் தின்னும். அவற்றை நண்டு தின்னும். நண்டு நம் வீட்டுக் குழம்புச் சட்டிக்கு வரும்!

அவசரமும் ஆபத்து

சரி, சேற்றை வாரி எறிந்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். கண்டபடி கிளறினால், புதைந்த உலோகம் காற்றுப் பட்டு மறுபடி தண்ணீரில் கரையும். வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்தால், அடுத்த மழையில் திரும்ப ஆற்றுக்கே வரும்.

பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதித்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டால் போதாது. சேற்றையும், அதில் பிடிபடும் நண்டையும் இறாலையும் சோதித்து, முடிவை மீனவர்களிடம் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். செய்வார்களா?