செருப்புக் கணக்கு

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு வளவுக்குள் கிணறு வெட்டத் தொடங்கினார்கள். புரட்டாசிக் கடைசியில் விசுவமடுவில் கிணறு வெட்ட ஆள் பிடிப்பதென்றால், கலியாண வீட்டுக்குச் சமையல்காரர் பிடிக்கிற பாடுதான். நீர்மட்டம் அடியில் கிடக்கிற காலம் அது. மாரி இறங்கிவிட்டால் வெட்டிய மண்ணே திரும்பக் குழிக்குள் போகும்.

வந்தவர்கள் மூன்று பேர். மூத்தவருக்கு அறுபத்தைந்து இருக்கும். 1977 இனக்கலவரத்தோடு மலையகத்தை விட்டு வந்து தருமபுரத்தில் குடியேறிய குடும்பம். ஆள் இறங்க முன்னம் ஒரு குப்பி விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கிப் பார்த்தார். விளக்கு நின்று எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். அது எனக்குத் தெரிந்த பழக்கம். அடுத்ததுதான் தெரியாதது. இறங்குகிற இரண்டு பேரும் செருப்பைக் கழற்றி, விளிம்பிலிருந்து தள்ளிக் கிடந்த ஒரு பலகையில் சோடி சோடியாக வைத்தார்கள். மேலே நிற்கிறவரின் செருப்பு அவரின் காலிலேயே இருந்தது.

"ஏனய்யா இப்பிடி அடுக்கி வைக்கிறியள்?" என்று கேட்டேன்.

"கீழ எத்தன பேருன்னு மேல நிக்கிறவனுக்குச் சட்டுன்னு தெரியணும் தம்பி. மண்ணு சரிஞ்சா பேரக் கூப்பிட்டு எண்ணிக்கிட்டு நிக்க ஏலாது. செருப்ப எண்ணுனாப் போதும்."

மூன்று பேர் வேலை செய்கிற இடத்துக்கு இது கொஞ்சம் கூடத்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரவு படுத்தபிறகு நினைப்பு சாஸ்நாலாவுக்குப் போய்விட்டது.

சாஸ்நாலா என்ற பெயர் எனக்குத் தெரியவந்தது படத்தால். எண்பதுகளில் இங்கே ஒரு சாமத்திய வீட்டில் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டார்கள். மூன்றாவது படம் ஹிந்தி. 1979இல் யாஷ் சோப்ரா எடுத்த 'காலா பத்தர்'. அமிதாப் பச்சனும் சத்ருகன் சின்ஹாவும் அடிபடுகிற இடங்களுக்கு விசிலடித்த நாங்கள், கடைசியில் சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தபோது பேசாமல் இருந்துவிட்டோம். குளத்தை நம்பிச் சீவிக்கிற ஊர். கட்டு உடைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அந்தக் காட்சிக்குப் பின்னால் உண்மையில் ஒரு ஊர் இருக்கிறது என்று படித்தது பல வருஷம் கழித்து.

தன்பாத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். அன்றைக்குப் பீகார், இன்றைக்கு ஜார்க்கண்ட். இரும்பு உருக்கு ஆலைக்கு நிலக்கரி கொடுக்கிற சுரங்கம். 1975 டிசெம்பர் 27, மத்தியானம் ஒன்றரை மணியளவில், பக்கத்தில் கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீர் இடையில் இருந்த கரிச்சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. 375 பேர் செத்தார்கள். பழைய சுரங்கத்தில் தண்ணீர் கிடப்பது யாருக்கும் தெரியாத இரகசியமல்ல. நிரம்பிய பழைய குழியை நெருங்கும்போது 60 மீற்றருக்குள் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது, முன்னால் நீளமாகத் துளை போட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டுதான் போகவேண்டும் என்பது இந்தியாவில் 1957இலிருந்தே எழுதப்பட்ட விதி. குப்பி விளக்கை இறக்கிப் பார்க்கிற அதே புத்திதான். அன்றைக்கு அந்தப் புத்தியை யாரோ வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறார்கள்.

வழக்கு முடிய 36 வருஷத்துக்கு மேல் எடுத்தது. 2012இல் தீர்ப்பு வந்தபோது குற்றஞ்சாட்டப்பட்ட அதிகாரிகளில் உயிரோடு இருந்தவர்களுக்கு ஒரு வருஷச் சிறையும் ஐயாயிரம் ரூபாய் தண்டமும். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் என்னை நித்திரை கொள்ளவிடாதது தீர்ப்பு அல்ல. விளக்கறை. நிலக்கரிச் சுரங்கத்தில் மேலே விளக்கறை என்று ஒன்று இருக்கும். தலையில் மாட்டுகிற விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். இறங்குகிறவர் தன் எண்ணுள்ள விளக்கை எடுத்துக்கொண்டு போவார், முறை முடிந்து ஏறியதும் திருப்பித் தொங்கவிடுவார். பின்னேரம் எந்த இடம் வெறுமையாக இருக்கிறதோ அந்த ஆள் இன்னும் கீழே. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்குகிற பதிவேடு. சாஸ்நாலாவில் அன்றைக்கு எத்தனை வெறும் இடங்கள் இருந்திருக்கும்? தண்ணீரை இறைத்து, இறைத்து, முதல் உடல்களை வெளியே எடுக்கவே மூன்று கிழமைக்கு மேலானது. அவ்வளவு நாளும் சுரங்க வாசலில் நின்ற பெண்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வெறும் இடம் மட்டும்தான். 375 அல்ல, அதைவிடக் கூட என்று தொழிற்சங்கக்காரர் சொன்னார்கள். செத்தவரின் பிள்ளைக்கு வேலை கொடுப்பது அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். தகப்பனை விழுங்கிய பள்ளத்துக்கே மகன் விளக்கு எடுத்துக்கொண்டு இறங்குவான். இப்போதும் டிசெம்பர் 27இல் அங்கே நினைவிடத்தில் கூடுகிறார்கள். எங்கள் ஊருக்கும் மாவீரர் நாள் என்று ஒரு 27ஆம் திகதி உண்டு, அது கார்த்திகையில் வரும்.

கணக்குச் சரியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1989 நவம்பர் 13, மேற்கு வங்காளம் ராணிகஞ்சில் மகாபீர் சுரங்கம். அங்கேயும் தண்ணீர்தான். ஆறு பேர் செத்தார்கள், 65 பேர் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியியலாளர், மேலேயிருந்து துளை போட்டு, ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய இரும்புக் கூடு செய்து, அதில் தானே கீழே இறங்கினார். ஒவ்வொருவராக ஏற்றிவிட்டுக் கடைசியாகத்தான் தான் ஏறினார். 65 என்று தெரிந்திருந்தபடியால்தான் 65ஆவது ஆளுக்குப் பிறகு அவருக்கு ஏற முடிந்தது. இதையும் 2023இல் படமாக எடுத்தார்கள். பார்த்தேன். படம் பரவாயில்லை, கூடுதான் நல்ல நடிப்பு.

எண்ணாமல் விட்டால் என்ன என்பதை 2018 டிசெம்பரில் பார்த்தோம். பார்த்தோம் என்பது பிழை, நாங்கள் அப்போது வேறு தண்ணீருக்குள் நின்றோம். மேகாலயாவின் கிழக்கு ஜெயந்தியா மலையில் க்சான் என்ற இடத்தில், டிசெம்பர் 13இல், எலிவளைச் சுரங்கம் ஒன்றுக்குள் வெள்ளம் புகுந்தது. எலிவளை என்றால் பெயருக்கேற்றபடிதான்: நேரே கீழே ஒரு ஆழ்ந்த கிடங்கு, அதன் அடியிலிருந்து ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குப் பக்கவாட்டில் பொந்துகள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014இலேயே தடை செய்த முறை. தடை செய்த தொழிலுக்கு யார் பதிவேடு வைப்பார்? முதலில் 13 பேர் என்றார்கள், பிறகு 15 என்றார்கள். கடற்படைச் சுழியோடிகள் வந்தார்கள், பெரிய பம்புகள் வந்தன, ஆழத்தில் ஓடுகிற கமரா வந்தது. வெளியே வந்தது இரண்டு உடல்கள். க்சானில் வெள்ளம் புகுந்து ஒரு கிழமை கழித்து, டிசெம்பர் 21 இரவு, இங்கே இரணைமடு நிரம்பிக் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் போயின. பள்ளிக்கூட வாங்கில் நனைந்த கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, யாரோ ஒருவரின் போனில் க்சான் செய்தியைக் கேட்டது எனக்கு ஞாபகம். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "அந்தப் பெடியளின்ர தாய்மார் பாவங்கள்" என்று மட்டும் சொன்னா. பெயர் தெரியாத மலையின் பெயர் தெரியாத பிள்ளைகள்.

2025 ஜனவரியில் அசாமில் உம்ராங்சோவிலும் அதே கதை. ஒன்பது பேர். கடைசி ஐந்து உடல்களும் வர பெப்ரவரி நடுப்பகுதி தாண்டிவிட்டது.

இதெல்லாம் எங்கோ நடக்கிற கதை, இலங்கையில் நிலக்கரிச் சுரங்கமே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குக் கரி கப்பலில்தான் வருகிறது. நான் இதை எழுதுகிற மேசைக்கு மேல் எரிகிற குமிழில் அதன் பங்கும் இருக்கிறது. ஆனால் கணக்கு என்று வந்தால், அதை அயலூர்க் கதையாக எடுக்க எங்களால் முடியாது.

2009 ஜனவரியில், போரின் கடைசிக் கட்டத்தில், முன்னேறி வந்த இராணுவத்தை மறிக்கப் புலிகள் கல்மடுக்குளத்தின் கட்டை உடைத்தார்கள். அந்த வெள்ளத்தை நான் காணவில்லை. அதற்கு முதலே உழவு மெசின் பெட்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு உடையார்கட்டுப் பக்கம் போய்விட்டோம். அதற்குப் பிறகு போன இடமெல்லாம் அம்மா செய்த முதல் வேலை தலை எண்ணுவது. பங்கருக்குள் இறங்க முன்னம் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு இறங்குவோம், உள்ளே சேறு ஒட்டக்கூடாதென்று. ஷெல் ஓய்ந்த பிறகு பக்கத்துப் பங்கர் வாசலைப் பார்த்தால், உள்ளே எத்தனை பேர் என்று கேட்காமலே தெரியும். சில வாசல்களில் செருப்புகள் பிறகு எடுபடவேயில்லை.

மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்ததும் விளக்கறைக் கணக்குத்தான். 2008 ஒக்ரோபரில் கச்சேரிப் பதிவின்படி வன்னிக்குள் இருந்தவர்கள் 429,059. போர் முடிந்து வெளியே வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679. அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். எண்ணை மறுத்தவர்கள் உண்டு, கச்சேரிக் கணக்கே கூட்டி எழுதியது என்றவர்களும் உண்டு. மறுத்தவர்கள் யாரும் தங்கள் விளக்கறையைத் திறந்து காட்டவில்லை. ஆயர் 2021 ஏப்ரலில் காலமானார். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு வீதியில் இருக்கத் தொடங்கிய தாய்மார்களிலும் பலர் பதில் கிடைக்காமலே போய்விட்டார்கள். சுரங்க வாசலில் நின்ற அந்தப் பெண்களும் இவர்களும் ஒருவரை ஒருவர் சந்தித்தால் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள் என்று சிலவேளை யோசிப்பேன். அதிகம் பேசமாட்டார்கள் என்றுதான் படுகிறது.

நேற்றுப் பின்னேரம் திரும்பவும் கிணற்றடிக்குப் போனேன். இருபத்திரண்டு அடியில் ஊற்றுக்கண் திறந்துவிட்டது. வளவுக்காரர் தேத்தண்ணியும் பணிசும் கொண்டுவந்தார். மூத்தவரோடு கீழே இறங்கியிருந்த பெடியன் முதலில் ஏறினான், பிறகு மூத்தவர். இடுப்புக்குக் கீழே முழுக்கக் களிமண். பலகையடிக்குப் போய்க் காலால் தடவியவர் நின்றுவிட்டார். அவருடைய செருப்பில் ஒன்றைக் காணவில்லை.

"நாய் கொண்டு போயிருக்கும்" என்றார் வளவுக்காரர்.

மூத்தவர் கிணற்றுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு பெடியனைப் பார்த்தார், மேலே நின்றவரைப் பார்த்தார், விரலை மடக்கித் தன்னையும் எண்ணிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் செருப்புத் தேடப் போனார்.