சிப்காட் காற்றும் மூன்றாண்டு ஆய்வும்



நோயில்பூசுதல் கொடுக்க நாம் வீடுகளுக்குச் செல்லும்போது, "சாமி, இது சிப்காட் காத்தாலதானே?" என்று கேட்கிறார்கள். ஒருவருக்கு வந்த நோயை மட்டும் வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. பல்லாயிரம் பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தால்தான் தெரியும்.

கடலூர் சிப்காட் பகுதியில் புற்றுநோய் அபாயம் மிக அதிகம் என்று நாக்பூர் 'நீரி' நிறுவனம் 2007-08இல் எச்சரித்தது. காற்றிலுள்ள நச்சு வாயுக்களைக் கொண்டு போட்ட கணக்கு அது. மக்களின் உடலைப் பார்த்துச் சொன்னதல்ல. தமிழகம் முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேடு 2012இல்தான் தொடங்கியது. பதிவேடும் எத்தனை பேர் என்று எண்ணும். ஏன் என்று சொல்லாது.

ஏன் என்று தேட நிதி வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பெரும்பாலும் மூன்றாண்டுத் திட்டங்களுக்கே நிதி தருகின்றன. புற்றுநோயோ பத்து, இருபது ஆண்டுகள் உள்ளேயே பதுங்கியிருந்து வெளிவருவது! 2020-21இல் ஆய்வுக்காக நாடு செலவிட்டது மொத்த உற்பத்தி மதிப்பில் 0.64 விழுக்காடுதான்.

இத்தனைக்கும் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறை வாய்ப்புற்றுநோய் ஆய்வில் பெயர் பெற்றது. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் 2021இல் அரசு சுகாதாரத் துறையின்கீழ் வந்துவிட்டது. நீண்டகால ஆய்வொன்றை அங்கிருந்தே நடத்தலாம். சிப்காட் இருப்பதே கடலூர்-சிதம்பரம் சாலையில்தான்.