கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் பட்டம் பெற்று, மூன்று நான்கு வருஷம் வேலை பார்த்து, மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறான் என்று வைத்துக்கொள்வோம். விமானச் செலவு, சர்வகலாசாலைக் கட்டணம், தங்கவும் சாப்பிடவும் பணம் அனைத்தையும் புல்பிரைட் கல்விப் பரிவர்த்தனைத் திட்டம் தருகிறது. ஊரே வழியனுப்ப வருகிறது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் அவனைத் தட்டிக்கொடுத்துச் சொல்கிறார்: "தம்பி, அமெரிக்காக்காரன் சோறு போட்டுப் படிக்க வைக்கிறான். நன்றி மறந்துவிடாதே!"

பிள்ளையும் தலையாட்டிவிட்டு விமானம் ஏறுகிறான்.

நாம் கேட்கிறோம்: அந்தச் சோறு யாருடைய சோறு?

கணக்கைப் பார்ப்போம். 1946 ஆகஸ்டு 1-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். செனட்டர் வில்லியம் புல்பிரைட் கொண்டுவந்த சட்டம் அது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம். அமெரிக்க ராணுவத்தின் லாரிகளும் தளவாடங்களும் பல நாடுகளில் குவிந்து கிடந்தன. அவற்றை அந்தந்த நாட்டுச் சர்க்கார்களுக்கே விற்றார்கள். வாங்கியவர்களிடம் டாலர் இல்லை. ஆகவே கிரயத்தை அந்தந்த நாட்டுப் பணமாகவே பெற்று, மாணவர்களும் ஆசிரியர்களும் இரு பக்கமும் போய்வரச் செலவிடலாம் என்றது சட்டம். 1950 பிப்ரவரி 2-ம் தேதி இந்தியாவும் இந்தத் திட்டத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டது.

அடுத்த வருஷமே பஞ்சம் நம் வாசலில் நின்றது. தானியத்துக்கு அமெரிக்காவிடம் கேட்டோம். 1951-ல் 19 கோடி டாலர் கடனாகத் தந்தார்கள். தானமாக அல்ல, கடனாக! அந்தக் கடனுக்கு நாம் கட்டும் வட்டியில் 50 லட்சம் டாலர் வரை கல்விப் பரிவர்த்தனைக்குச் செலவிட அந்தச் சட்டமே வழி செய்தது. நூல்கள், ஆய்வுக் கருவிகள், கல்வியாளர்களின் பிரயாணம் ஆகியவற்றுக்கு அந்த வட்டிப் பணம் போயிற்று.

பிறகு வந்தது பி.எல். 480. வயதான தோழர்களுக்கு இந்தப் பெயர் மறந்திராது. 1956-ல் ஒப்பந்தம் ஆகி, கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. ரேஷன் கடை வாசலில் பையும் கார்டுமாக நம் தாய்மார்கள் கால்கடுக்க நின்றார்கள். அதற்கு இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இங்கேயே மலைபோல் குவிந்தது. அதில் ஒரு பகுதியும் கல்விப் பரிவர்த்தனைக்குச் சென்றது.

2008-ல் புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. திட்டம் புல்பிரைட்–நேரு என்று பெயர் பெற்றது. இரு நாட்டுச் சர்க்கார்களும் செலவைச் சமமாக ஏற்பது என்று முடிவாயிற்று. நம் சர்க்காரின் பங்கு எங்கிருந்து வருகிறது? நாம் வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கட்டும் வரியிலிருந்துதான் வருகிறது.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை நமக்குத் தெரியும். இங்கே கடையும் நம்முடையது, தேங்காயும் நம்முடையது. உடைத்தவருக்கு மட்டும் புண்ணியமா?

அமெரிக்க உழைப்பாளி மீது நமக்குக் கோபம் இல்லை. டெட்ராய்ட் மோட்டார்த் தொழிலாளியும் கான்சாஸ் கோதுமை விவசாயியும் கட்டும் வரியும் இந்தத் திட்டத்தில் இருக்கிறது. இரு நாட்டு உழைப்பாளிகளின் பணத்தில் இரு நாட்டுப் பிள்ளைகள் போய்ப் படித்து வருகிறார்கள். இது நல்ல காரியம். ஆனால் இது தர்மம் அல்ல, பரிவர்த்தனை. பரிவர்த்தனையில் கொடுப்பவரும் வாங்குபவரும் சமம்.

சமமாக நடந்ததா? 2025-ம் வருஷத்தைப் பாருங்கள். பிப்ரவரியில் அமெரிக்க வெளிநாட்டு இலாகா பரிவர்த்தனைத் திட்டங்களுக்கான பணத்தை நிறுத்தி வைத்தது. அந்நிய மண்ணில் இருந்த மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் தாமதமாயிற்று. முதல் தேதி வந்தால் வீட்டுக்காரர் வாடகை கேட்கிறார். வெளியே போய்க் கூலி வேலை செய்யலாம் என்றால் விசா விதி குறுக்கே நிற்கிறது. படிக்கப் போனவன் புத்தகத்தை மூடிவிட்டு, கையில் மிச்சமிருக்கும் காசை எண்ணுகிறான். முன்னறிவிப்பின்றி மில் கதவடைத்தால் என்ன பாடு என்பது நமக்குத் தெரியாதா? அதே பாடுதான்.

மே கடைசியில் மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல்களை நிறுத்தினார்கள். ஜூனில் மறுபடி திறந்தபோது ஒரு நிபந்தனை வந்தது: சமூக ஊடகத்தில் எழுதியதையெல்லாம் அதிகாரிகள் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். அதே ஜூனில் புல்பிரைட் குழுவின் 12 பேரில் ஒருவர் தவிர எல்லோரும் ராஜினாமா செய்தார்கள். தேர்வானவர்களை நிர்வாகம் தன்னிஷ்டப்படி தள்ளுகிறது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அமெரிக்காவிலேயே நியாயம் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி.

ஆகவே "அமெரிக்கா போகாதே" என்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவில்லை. போ, கற்றுக்கொள், தலை நிமிர்ந்து போ என்கிறோம். வாங்குவது பிச்சை என்று நினைப்பவன் வாய் திறக்க அஞ்சுவான். அது தன் ஜனங்களின் பணம் என்று அறிந்தவன் கேள்வி கேட்பான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. போகிறவர்கள் யார்? முதுநிலைப் படிப்புக்கான உபகாரச் சம்பளத்துக்கு மூன்று வருஷ வேலை அனுபவம் வேண்டும். விண்ணப்பம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இப்படி ஒரு திட்டம் இருப்பதைச் சொல்லக்கூட நம் கிராமத்துக் கல்லூரியில் ஆள் இல்லை. ரேஷன் வரிசையில் நின்றவள் பேரனுக்குத் தகவலே எட்டவில்லை என்றால், இது என்ன நியாயம்?

சர்க்கார் செலவில் பங்கு ஏற்கிறது. எனவே சொல்லுவதற்கும் அதற்கு உரிமை உண்டு. நாம் கோருவது இதுதான்: தேர்வான மாணவனுக்கு எந்த நாட்டு அரசியல் மாறினாலும் படிப்பு முடியும்வரை பணம் நிற்காது என்று நம் சர்க்கார் உறுதி தரட்டும். ஒவ்வொரு ஜில்லாக் கல்லூரியிலும் தமிழிலேயே விவரம் சொல்லி, விண்ணப்பம் எழுத உதவட்டும். குடும்பத்தில் முதல் பட்டம் பெற்ற பிள்ளைகளுக்கென்று இடம் ஒதுக்கட்டும்.

படித்து முடித்தவர் இரண்டு வருஷமாவது தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பது விசா விதி. அதை நாம் குறை சொல்லவில்லை. திரும்பி வரும் பிள்ளை ஒரு நாள் நம் சங்கத்துக்கும் களத்துமேட்டுக்கும் வரட்டும். அங்கே கண்டதையும் கற்றதையும் நமக்குச் சொல்லட்டும். நாம் கட்டிய வட்டிக்கு அதுதான் ரசீது.