கிராக் போட்டுவிட்டுக் கத்ரைக் குறை சொல்லலாமா?



வீட்டுக் கணினியில் ரேன்சம்வேர் புகுந்து, பல ஆண்டுக் குடும்பப் படங்களை ஒரே இரவில் பூட்டிவிட்டால், நம்மவர்கள் வாயிலிருந்து முதலில் வரும் சொல் ‘கத்ர்’. கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாசற்கதவைத் தன் கையாலேயே திறந்துவைத்து, காவலாளியையும் வெளியே அனுப்பிவிட்டு உறங்கப் போனவர், விடிந்ததும் கத்ரைப் பற்றிப் பேசினால் அதை எப்படி ஏற்பது?

சென்ற ஆண்டு என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு கணினிதான் இதை எழுதத் தூண்டியது. அதன் உரிமையாளர் ஒரு மஹல்லாவின் பொருளாளர். பைத்துல்மால் கணக்கும், ஜகாத் பெறும் குடும்பங்களின் பட்டியலும் அவரது வீட்டுக் கணினியில்தான் இருந்தன. அக்காவின் நிக்காஹ் காணொலியைத் தொகுப்பதற்காக அவருடைய மகன், விலைகொடுத்து வாங்க வேண்டிய ஒரு மென்பொருளைக் ‘கிராக்’ செய்யப்பட்ட வடிவில் இறக்கி நிறுவியிருக்கிறான். நிறுவுமுன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லிய குறிப்பையும் தவறாமல் பின்பற்றியிருக்கிறான். மறுநாள் காணொலியும் இல்லை, கணக்கும் இல்லை. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்றையும் திறக்க முடியவில்லை.

இது அரிதான விபத்து அன்று. 2018 முதல் வீட்டுக் கணினிகளை மிகுதியாகச் சூறையாடிய ரேன்சம்வேர்களில் ஒன்றான ‘ஸ்டாப் டிஜேவியு’, பெரும்பாலும் இவ்வழியாகத்தான் பரவியது: கிராக், கீஜென், திருட்டு விளையாட்டு, திருட்டு விண்டோஸை உயிர்ப்பிக்கும் ஆக்டிவேட்டர். ‘ஆன்டிவைரஸ் பொய்யாக எச்சரிக்கும், அதை நிறுத்திவையுங்கள்’ என்று திருடன் சொல்கிறான், நாம் நிறுத்துகிறோம். 2017 மே 12 அன்று உலகையே உலுக்கிய வானாக்ரை மட்டும் யாரும் எதையும் சொடுக்காமலே வலைவழி தானாகப் பரவியது என்பார்கள். உண்மைதான். ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டுவிட்டது. திருட்டு விண்டோஸ் வைத்திருப்பவர், குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி அப்டேட்டை நிறுத்திவைப்பதை நம் தெருக்களில் காணாதவர் யார்?

‘கோடிகளில் புரளும் மேலைநாட்டு நிறுவனத்திடமிருந்து எடுத்தால் அது திருட்டாகுமா’ என்று கேட்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். இறைச்சிக் கடையில் அறுத்தவர் யார் என்று மூன்று முறை விசாரித்துவிட்டு வரும் அதே சகோதரர்கள்! சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய தனது 5ஆவது அமர்வில் இதற்கு விடை சொல்லிவிட்டது. நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உரியவை; அவற்றை மீறுதல் கூடாது என்பது அதன் 43ஆம் தீர்மானத்தின் சாரம். பதிப்புரிமை குறித்து வேறு கருத்துக் கொண்ட ஆலிம்களும் இருந்திருக்கிறார்கள், மறைக்கவில்லை. அந்தக் கருத்தையே பற்றிப் பிடிப்பவரிடம் ஒன்று கேட்கிறேன்: முகம் தெரியாத ஒருவன் கொடுத்த நிரலுக்காகக் காவலை நீக்கி, பிறருடைய அமானத்தைப் பணயம் வைக்க உங்களுக்கு அனுமதி தந்தவர் யார்? வேறு வழியில்லை என்றும் சொல்ல இயலாது. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ், படம் திருத்த கிம்ப், காணொலி தொகுக்க டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு என எல்லாம் ஹலாலாகவே கிடைக்கின்றன.

பிள்ளைகளை மட்டும் கண்டித்துப் பயனில்லை. ‘எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தருகிறோம்’ என்று கிராக்கை விற்றுக் கூலி வாங்கும் கடைக்காரர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அந்த வருமானம் எத்தகையது என்று அவர்கள் ஓர் ஆலிமிடம் கேட்டதுண்டா?

நோயின் அறிகுறிகளைச் சொல்கிறேன். படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் முன்பு இல்லாத ஒரு வால் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு கோப்புறையிலும் ‘ரீட்மீ’ என்ற பெயரில் ஓர் உரைக்கோப்பு முளைத்திருக்கும். மிரட்டலும் உங்களுக்கென்று ஓர் அடையாள எண்ணும் அதில் இருக்கும். பூட்டும் வேலை நடக்கையில், சந்தேகம் வராதிருக்க, விண்டோஸ் அப்டேட் நடப்பதுபோல் ஒரு போலித் திரையை ஸ்டாப் வகை காட்டுவதுண்டு. பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்காமற்போனால், அதுவும் அதன் வேலையாக இருக்கலாம்.

கண்டவுடன் வைஃபையைத் துண்டித்து, பென்டிரைவையும் வெளி ஹார்ட் டிஸ்கையும் பிடுங்கிவிடுங்கள். மிரட்டல் குறிப்பைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: கடைக்குக் கொண்டுபோய் உடனே ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். தீநிரலை நீக்குவது எளிது. பூட்டிய கோப்பைத் திறப்பது வேறு. விண்டோஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையே பெரும்பாலும் நிரலை அகற்றிவிடும். ஆனால் கோப்புகள் பூட்டியபடியே இருக்கும். ஆகவே பூட்டப்பட்ட கோப்புகளையும் மிரட்டல் குறிப்பையும் முதலில் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்துவையுங்கள். அதன் பிறகு வட்டை முழுதாக அழித்து விண்டோஸை முறைப்படி நிறுவுவதே நிம்மதி. ஸ்டாப் வகை, கடவுச்சொற்களைத் திருடும் வேறு நிரல்களையும் உடன் அழைத்துவந்ததுண்டு. எனவே வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து உடனே மாற்றுங்கள். இந்தியாவில் இருப்போர் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்கும் தெரிவிக்கலாம்.

பணம் கொடுக்கலாமா? ஸ்டாப் கும்பல் 980 டாலர் கேட்டது. 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி என்று சந்தை வியாபாரிபோல் தள்ளுபடியும் தந்தது. கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் தருபவன் யார்? கொள்ளையன்! நாம் கொடுக்கும் காசு அடுத்த வீட்டைக் கொள்ளையிடும் மூலதனமாகிறது. பாவத்துக்குத் துணைபோவதை மார்க்கம் தடுத்திருப்பதைத் தெரிந்தவர்கள் நாம்.

கொடுக்காமலே மீட்கும் வழி சிலவேளை உண்டு. டச்சுக் காவல்துறை, யூரோபோல், இரு பாதுகாப்பு நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் மாதிரிக் கோப்பைக் கொடுத்தால், எந்த வகை என்றும் திறக்கும் கருவி உண்டா என்றும் இலவசமாகவே தெரிந்துகொள்ளலாம். ஸ்டாப்புக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் அத்தகைய கருவியை வெளியிட்டு, அன்றைய 148 வகைகளுக்கு வழிசெய்தது. அதற்குப் பின் வந்தவற்றில், இணையத் தொடர்பு இல்லாத நேரத்தில் பூட்டப்பட்டவற்றுக்கு மட்டுமே, அதுவும் சாவி கைக்கு எட்டியிருந்தால், வாய்ப்புண்டு. மற்றொரு செய்தி: இந்த வகை ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டுகிறது. ஆகவே நீண்ட காணொலியை, அதே கேமராவில் எடுத்த பழுதில்லாத இன்னொரு காணொலியை மாதிரியாக வைத்து ஓரளவு சீராக்கலாம். பொருளாளர் வீட்டு நிக்காஹ் காணொலி அவ்வாறுதான் பெரும்பகுதி மீண்டது. சிறிய கோப்பான ஜகாத் பட்டியல் மீளவில்லை. அந்தக் குடும்பங்களிடம் வீடு வீடாகச் சென்று, அவர்களுடைய இல்லாமையை மறுபடியும் ஒருமுறை சொல்லவைத்து எழுத வேண்டியதாயிற்று.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நம் மேடைகளில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி, சாட்சி வைத்துக் காப்பது பற்றியது. பேக்கப் எடுப்பது அதைவிடக் கடினமான வேலையா? முக்கியக் கோப்புகளை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, உடனே கழற்றி அலமாரியில் வையுங்கள். கணினியோடு எப்போதும் செருகியிருக்கும் டிஸ்கும் சேர்ந்தே பூட்டப்படும். மஹல்லாவின் கணக்கைப் பிள்ளைகள் விளையாடும் கணினியில் வைக்காதீர்கள்.

மீளாத கோப்புகளை அழித்துவிடவும் வேண்டாம். சாவிகள் பின்னாளில் வெளிவந்த வரலாறு உண்டு. அந்தப் பொருளாளர், பூட்டப்பட்ட பட்டியல் இருக்கும் டிஸ்கை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார்.