காக்கை வலிப்பும் இரும்புச் சாவியும்

தாம்பரம் ஸ்டேஷனிலாவது, குரோம்பேட்டை கடைத்தெருவிலாவது ஒருவர் காக்கை வலிப்பு கண்டு விழுந்துவிட்டால், கூடுகின்ற கூட்டம் முதலில் தேடுவது இரும்புச் சாவியைத்தான். பட்டம் பெற்ற கனவான்களே சாவிக்கொத்தை எடுத்து நீட்டுகிறார்கள்! வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடுவதால், பெருமை சாவிக்குப் போய்ச் சேருகின்றது. ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தாலே போதும் என்று யோசிப்பார் இல்லை.

இது சாவியோடு போனாலும் பாதகமில்லை. வீட்டுக்குப் போனதும் பேய் என்றும், முன்ஜென்ம வினை என்றும், கிரக தோஷம் என்றும் சொல்லி, மந்திரவாதிக்குக் கோழியும் சோசியனுக்குப் பணமும் அழுகின்றார்கள். பெண்ணாயிருந்துவிட்டாலோ, கலியாணம் நின்றுபோகுமென்று வியாதியையே மறைத்துவிடுகின்றார்கள். இந்து விவாகச் சட்டமே வலிப்பைப் பைத்தியத்தோடு சேர்த்துத் தடையாக வைத்திருந்து, 1999-ல்தான் நீக்கிற்று. சட்டம் விட்டது, மாமியார் வீடு விடவில்லை.

இது மூளையில் உண்டாகும் வியாதியே ஒழிய தெய்வச் செயல் அல்லவென்று கிரேக்க தேசத்தார் சுமார் 2400 வருஷங்களுக்கு முன்பே எழுதிவிட்டார்கள். மூளையில் ஒரு கூட்டம் அணுக்கள் கட்டுக்கடங்காமல் ஏககாலத்தில் மின்சாரத்தைக் கொட்டுவதே வலிப்பு. மனித மூளையின் மின்சாரத்தை ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் பதிவு செய்தார். நம் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952-லேயே வலிப்புக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார்.

மூன்றில் சுமார் இரண்டு பங்கு பேருக்கு மருந்திலேயே வலிப்பு அடங்கும். அடங்காத மீதிப்பேருக்கு, வலிப்பு எங்கே புறப்படுகிறதென்று கண்டுபிடித்தாக வேண்டும். ஈ.ஈ.ஜி. பதிவு புறப்பட்ட கணத்தைத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவருக்கு இப்பாலிருந்து கேட்பதுபோல், இடம் சரியாகத் தெரியாது. எம்.ஆர்.ஐ. படம் மூளையிலுள்ள வடுவைக் காட்டும். ஆனால் அந்த வடுதான் குற்றவாளி என்று சொல்லாது. ஆகவே இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கின்றார்கள். ஒத்துவராவிட்டால் மண்டையில் சிறு துளையிட்டு, மெல்லிய மின்கம்பிகளை உள்ளே செலுத்திப் பதிகின்றார்கள். பேச்சுக்கும் கைகால் அசைவுக்கும் உரிய இடங்களை முன்னதாகவே குறித்துக்கொண்டு, அவைகளுக்குக் கேடு வராதென்று கண்ட பின்பே கத்தி எடுக்கின்றார்கள். பேய் குடியிருந்த இடம் படத்தில் ஒரு சிறு வடு!

கனடாவில் நடந்து 2001-ல் வெளியான ஒரு சோதனையில், பொட்டுப்பக்கத்து மூளையில் வலிப்புள்ளவர்களில், ஆபரேஷன் பிரிவில் 100-க்கு 58 பேர் ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பின்றி இருந்தார்கள். மருந்து மட்டும் உண்ட பிரிவில் 8 பேரே. எல்லோருக்கும் கத்தி பொருந்தாது என்பதை நாம் மறைக்கவில்லை. எல்லோருக்கும் பலிக்குமென்று சொல்லுபவன் மந்திரவாதி ஒருவனே.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரி. இரண்டு மருந்துகளைச் சரியாக உண்டும் வலிப்பு நிற்காதவர்கள், மருந்தை நிறுத்திவிடாமல், அங்குள்ள நரம்பு வைத்தியப் பகுதிக்குச் சென்று, ஆபரேஷனுக்குத் தகுதியுண்டா என்று பரிசோதிக்கும்படி கேட்க வேண்டுகின்றோம்.