இறங்குவதற்கு மட்டும்தான் விதியா?

பெங்களூர் அசோக் நகர் கால்பந்து மைதானத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு அணியின் கதை தெரியும். 2023-24-ல் மூன்றாம் நிலைப் போட்டியில் முதலிடம் பெற்று, தேசிய அளவில் இரண்டாம் நிலைப் போட்டியான ஐ-லீக்குக்கு அது உயர்ந்தது. அடுத்த ஆண்டே, 12 அணிகள் ஆடிய அந்தப் போட்டியில் கடைசி இரண்டு இடங்களில் ஒன்றைப் பெற்று, டெல்லி எப்.சி.யுடன் சேர்ந்து கீழே இறக்கப்பட்டது.

தோற்ற அணி இறங்குவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலகமெங்கும் உள்ள வழக்கம் அது. ஆனால் அதே 2024-25-ல் மேல்நிலைப் போட்டியான ஐ.எஸ்.எல்.லில் கடைசி இடம் பெற்ற கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் எங்கே இறக்கப்பட்டது? எங்கும் இல்லை. அதற்கு முந்திய ஆண்டு 22 ஆட்டங்களில் எட்டே புள்ளிகள் எடுத்துக் கடைசியில் நின்ற ஐதராபாத் அணிக்கும் ஒன்றும் நேரவில்லை. மாடியில் இருப்பவர் எத்தனை முறை தோற்றாலும் மாடியிலேயே இருக்கலாம். நடு வீட்டில் இருப்பவர் தோற்றால் தெருவுக்கு வர வேண்டும். இந்த நியாயம் எந்த ஊர் நியாயம் என்பதை அகில இந்திய கால்பந்து சம்மேளனம்தான் விளக்க வேண்டும்.

இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியது. 2007-ல் அது ஐ-லீக் ஆயிற்று. அதுவே நாட்டின் முதல்நிலைப் போட்டியாக இருந்தது. 2010-ல் சம்மேளனம் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் என்று வர்த்தக உரிமையைத் தனியாருக்குக் கொடுத்தது. அதன் பலனாக 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் நட்சத்திரங்களும் அணிகளில் பங்கு வாங்கினார்கள். டெலிவிஷனில் வெளிச்சம் முழுதும் அந்தப் பக்கம் திரும்பியது. தங்களைக் கீழே தள்ளப்போகிறார்கள் என்று கண்டுகொண்ட டெம்போ, சல்கோக்கர், ஸ்போர்ட்டிங் கோவா ஆகிய மூன்று கோவா கிளப்புகள் 2016-லேயே ஐ-லீக்கிலிருந்து விலகின. அவர்கள் பயந்தது 2019-ல் நடந்தது. ஐ.எஸ்.எல். முதல்நிலை என்றும், ஐ-லீக் இரண்டாம் நிலை என்றும் ஆயிற்று. மைதானத்தில் தோற்று இறங்கிய அணிகள் உண்டு. ஒரு போட்டி முழுவதும், எவரிடமும் தோற்காமலேயே இறக்கப்பட்டது இங்கேதான்.

அந்த 2019-ல்தான் கோவை நேரு மைதானத்தில் தமிழ் ரசிகர்கள் மறக்க முடியாத ஆட்டம் நடந்தது. மார்ச் 9-ந் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலைப் பின்னுக்குத் தள்ளி, சென்னை சிட்டி எப்.சி. ஐ-லீக் பட்டம் பெற்றது. தமிழ்நாட்டுப் பையன்கள் பலர் அதில் ஆடினார்கள். பட்டம் பெற்ற அணிக்கு மேலே போக வழியில்லை. 2020-21 தொடரோடு அந்தப் பெயர் ஐ-லீக் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டது. நிர்வாகத்தின் குறையும் இதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் வென்றும் பயனில்லை என்ற நிலையில் எந்த முதலாளி தொடர்ந்து பணம் போடுவார்? பின்னர் இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பட்டம் பெற்ற கேரளத்தின் கோகுலம் அணிக்கும் கோப்பைதான் மிச்சம். 2022-ல் ஆசியக் கோப்பைப் போட்டி ஒன்றில் அதே கோகுலம், ஐ.எஸ்.எல். அணியான மோகன் பகானை 4-2 என்று தோற்கடித்தது. திறமையில் யார் மேல், யார் கீழ் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

2022-23-லிருந்துதான் ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பஞ்சாப் போயிற்று, முகமதன் ஸ்போர்ட்டிங் போயிற்று. மூன்றாவது ஆண்டில் அந்த விதியும் சந்தி சிரித்தது. தகுதியில்லாத ஆட்டக்காரரை நாம்தாரி அணி இறக்கியதாக ஜனவரி மாத ஆட்டம் ஒன்றைப் பற்றி இன்டர் காசி அணி புகார் செய்தது. ஏப்ரல் 6-ந் தேதி போட்டி முடிந்தபோதும் அந்தப் புகாருக்கு முடிவில்லை. 40 புள்ளிகளுடன் நின்ற கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ்தான் சாம்பியன் என்று சம்மேளனத்தின் மேல்முறையீட்டுக் குழு தீர்ப்பளிக்க, கோப்பையும் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரிலுள்ள சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் ஜூலை 18-ந் தேதி, இன்டர் காசியே சாம்பியன் என்று கூறியது. கோவாவில் கொண்டாட்டம், காசிக்குப் பட்டம். (காசி அணியின் சொந்த மைதானமோ வங்காளத்துக் கல்யாணியில் இருந்தது என்பது தனி வேடிக்கை.) மூன்று மாதங்கள் இரு அணிகளும், எந்த நிலையில் ஆடப்போகிறோம் என்று தெரியாமல், ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் செய்யவும் முடியாமல் தவித்தன. ஒரு மஞ்சள் அட்டைக் கணக்கைத் தீர்க்க ஆல்ப்ஸ் மலை வரை போக வேண்டியிருந்தது.

அதோடும் தொல்லை தீரவில்லை. 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்ததால், புதிய ஏற்பாடு இல்லாமல் 2025-ம் ஆண்டு முழுவதும் ஐ.எஸ்.எல்.லும் தொடங்கவில்லை, ஐ-லீக்கும் தொடங்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டு வரை விவகாரம் போயிற்று. 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டு மந்திரி தலையிட்ட பிறகே ஐ.எஸ்.எல். தொடங்கும் தேதி அறிவிக்கப்பட்டது. பெரிய கிளப்புகளின் கஷ்டம் பத்திரிகைகளில் வந்தது. இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை அணிகளில் ஆடி, மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை கொடுக்கும் இளைஞர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்த இளைஞர்களில் பலர் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர் இந்த ஊரின் சாரங்கபாணி ராமன். 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் இந்த ஊர்தான். அல்சூர் கௌதமபுரத்தில் பீலேவுக்கே சிலை வைத்திருக்கிறார்கள். அந்தத் தலைமுறைக்குப் பந்து உதைத்தால் சோறு உண்டு என்ற உறுதி இருந்தது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தன. காலையில் பயிற்சி, பிறகு ஷிப்டு, ஓய்வு பெறும்போது பென்ஷன். எச்.ஏ.எல். அணி 2010-லிருந்து 2012 வரை ஐ-லீக்கிலேயே ஆடியது. அந்தக் காலம் போய்விட்டது. ஆஸ்டின் டவுனிலும் கௌதமபுரத்திலும் பூட்ஸ் மாட்டும் பையனுக்கு இன்று கிளப் ஒப்பந்தம் ஒன்றுதான் வழி. அவன் ஆடும் கிளப்புக்கு நாளை என்ன ஆகும் என்பதே தெரியாவிட்டால், அவன் தகப்பனார் "ஆட்டம் போதும், டெலிவரி வேலைக்குப் போ" என்று சொல்வதில் தப்பென்ன இருக்கிறது?

ஐ.எஸ்.எல். உரிமையாளர்கள் ஒரு வாதம் சொல்கிறார்கள். கோடிக்கணக்கில் நஷ்டப்பட்டு நடத்துகிறோம், இறக்கிவிடுவதென்றால் யார் முதலீடு செய்வார்கள் என்கிறார்கள். நஷ்டம் உண்மைதான். ஆனால் டெலிவிஷன் வருமானமும் விளம்பரமும் இல்லாமல் நடத்தும் ஐசாலுக்கும் ஷில்லாங் லஜோங்குக்கும் நஷ்டம் இல்லையா? இறங்கும் அணிக்குச் சில ஆண்டுகளுக்கு உதவித் தொகை கொடுக்கும் முறை இங்கிலாந்தில் இருக்கிறது. இங்கே அதைச் செய்யலாமே தவிர, இறங்குவதே கூடாது என்பது சரியல்ல. 2013-ல் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஐ-லீக் பட்டம் பெற்ற பெங்களூரு எப்.சி., 2017-ல் ஐ.எஸ்.எல்.லுக்குப் போய் அங்கேயும் 2018-19-ல் பட்டம் வென்றது. கீழேயிருந்து வருகிறவர்களால் போட்டியின் தரம் கெடாது என்பதற்கு இந்த ஊர் அணியே அத்தாட்சி.

சம்மேளனம் எழுதவிருக்கும் புதிய ஒப்பந்தங்களில் இரண்டாம், மூன்றாம் நிலை அணிகளுக்கு டெலிவிஷன் வருமானத்தில் ஒரு பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து கடைசி அணி இறங்கும் ஆண்டு எது என்பது, தள்ளிப்போட முடியாதபடி, போட்டி தொடங்கும் முன்பே அறிவிக்கப்பட வேண்டும். புகார்களைக் கடைசி ஆட்டத்துக்கு முன் தீர்த்துவிட வேண்டும். கர்நாடக அரசும் கொஞ்சம் திரும்பிப் பார்க்கட்டும். 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று, 54 ஆண்டுகளுக்குப் பிறகு சந்தோஷ் கோப்பையைக் கொண்டுவந்த மாநிலம் இது. அந்த வெற்றியாளர்கள் ஆடி வளர்வதற்கு, தேசியப் போட்டிகளின் நிபந்தனைகளுக்கு ஏற்ற மைதானம் இன்னும் ஒன்றாவது தலைநகரில் வேண்டும். ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு மறுபடியும் மேலே வருவதாக இருந்தால், அதை எங்கே ஆடச் சொல்வது என்பதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது.