28ஆம் ஃப்ளோர் வெறும் அட்டைச் சுவரா?

சினிமா ஸ்டுடியோவுக்குள் நிற்பவை கட்டடங்களே அல்ல, படம் முடிந்ததும் பிரித்துப் போடுகிற அட்டையும் சாரமும்தான், அவற்றுக்கென்று வரலாறு ஏது என்று பலரும் பேசுகிறார்கள். ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் 2014இல் இடிக்கப்பட்ட 28ஆம் எண் ஃப்ளோர் இந்தப் பேச்சைப் பொய்யாக்குகிறது. 1925இல் வெளியான ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’ படத்துக்காகப் பாரிஸ் ஓபரா அரங்கின் உட்புறத்தை அங்கே எழுப்பினார்கள். அடுக்கடுக்கான பால்கனிகளில் நூற்றுக்கணக்கான துணை நடிகர்கள் உட்கார வேண்டும். அந்தப் பாரத்துக்காகவே கான்கிரீட்டில் ஊன்றிய எஃகுச் சட்டங்களால் அதைக் கட்டினார்கள். தொண்ணூறு ஆண்டு நின்ற ஒன்றைத் தற்காலிகம் என்பது எப்படி நியாயம்?

ஒரு படத்தோடு செட்டின் வேலை முடிந்துவிடும் என்பதும் இங்கே பொருந்தாது. 1943இல் அதே கதையை வண்ணத்தில் எடுத்தபோதும் அந்த அரங்கையே பயன்படுத்தினார்கள். கலை இயக்கத்துக்கும் ஒளிப்பதிவுக்கும் அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது. 2011இல் வந்த ‘தி மப்பெட்ஸ்’ வரை அங்கே படப்பிடிப்பு நடந்தது. ‘எல்லாம்தான் படத்தில் பதிவாகிவிட்டதே, கட்டடம் எதற்கு?’ என்று கேட்பவர்களின் வாதம்தான் மேலோட்டமாக வலுவானது. ஆனால் 1925 படத்தின் அசல் நெகட்டிவ் இன்று இல்லை. தன்னிடம் மிஞ்சியிருந்த மௌனப் படங்களில் பெரும்பாலானவற்றை யுனிவர்சல் நிறுவனமே 1948இல் அழித்தது. பதிவு என்று எதை நம்பினார்களோ அது போன பிறகும் கட்டடம் நின்றது. தவிர, படம் காட்டுவது கேமரா பார்த்த பக்கத்தை மட்டுமே. அத்தனை பேரைத் தாங்கிய பால்கனியின் முதுகுப்புறத்தை அங்கே போய்த்தான் பார்த்திருக்க முடியும்.

ஸ்டுடியோ என்பது தொழில் நடக்கும் இடம், எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்ற மறுப்பை ஏற்கிறேன். யுனிவர்சல் ஸ்டுடியோவில் 2008 தீ விபத்தில் எரிந்த நியூயார்க் தெரு செட்டின் முகப்புகளை மீண்டும் கட்டினார்கள். அதில் தவறே இல்லை, முகப்பை எத்தனை முறையும் கட்டலாம். ஓபரா செட்டையும் இடிப்பதற்கு முன் கழற்றிக் கிடங்கில் வைத்தார்களே என்பார்கள். கழற்றிய துண்டுகள் மிஞ்சலாம். அவை சேர்ந்து நின்ற அரங்கம் மிஞ்சவில்லை. இடமில்லை என்பதும் முழுக் காரணமாகாது. 1913 இறுதியில் ஹாலிவுட் இயக்குநர் டிமில் படமெடுக்கத் தொடங்கிய சாதாரண மரக் கொட்டகையை 1926இல் பாரமவுண்ட் வளாகத்துக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். பிறகு அங்கிருந்தும் நகர்த்தி, 1985இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மனம் வைத்த இடத்தில் வழியும் இருந்திருக்கிறது.